பழைய ரயில் பொம்மைத் துணைப்பொருள்களும் வார்ப்பு வண்டிகளும்

பொம்மை ரயிலைச் சுற்றி வைக்கும் ஸ்டேஷன், சிக்னல் கம்பம், லெவல் கிராசிங், பிளாட்பாரத்துப் போர்ட்டர், பால் கேன், தள்ளுவண்டி ஆகியவற்றையும், துத்தநாகக் கலவையில் வார்த்த சிறு கார், லாரி, பஸ்களையும் தேடிச் சேர்க்கும் பொழுதுபோக்கு இது. ரயில் சேர்ப்பவர்கள், கார் சேர்ப்பவர்கள் என்று இன்று இரு கூட்டமாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஒருவர் அலமாரியை மற்றவர் எட்டிப் பார்ப்பதும் குறைவு. ஆனால் டிங்கி கார்கள் பிறந்ததே ரயிலுக்குத் துணைப்பொருளாகத்தான். அந்தக் கதை லிவர்பூலில் புறப்பட்டு, கல்கத்தா வழியாக, தமிழ் வீட்டுக் கொலுப்படி வரை வருகிறது.

தோற்றம்

லிவர்பூல்காரரான பிராங்க் ஹார்ன்பி, துளையிட்ட உலோகப் பட்டைகளைத் திருகாணியால் இணைக்கும் விளையாட்டுக்கு 1901-இல் காப்புரிமை பெற்றார். அதுவே பின்னர் மெக்கானோ என்று உலகம் முழுக்கப் பரவியது. 1920-இல் அவருடைய மெக்கானோ நிறுவனம் சாவி கொடுத்தால் ஓடும் ரயிலை விற்கத் தொடங்கியது. தண்டவாளத்தின் அகலம் 32 மில்லிமீட்டர். 'ஓ கேஜ்' என்பது அதன் பெயர். ரயில் வாங்கிய வீட்டுக்கு அடுத்து எதை விற்பது? தகரத்தில் அச்சடித்த ஸ்டேஷன், சுரங்கப்பாதை, கைகாட்டி எல்லாம் வந்தன. 1930களின் தொடக்கத்தில் ஸ்டேஷன் ஊழியர், பயணிகள், பண்ணை மாடுகள் என்று சிறு உருவங்கள் வந்தன. 1933 கடைசியில் 22-ஆம் எண்ணிட்ட தொகுப்பு ஒன்று வெளிவந்தது. இரண்டு கார், ஒரு லாரி, ஒரு டெலிவரி வேன், ஒரு டிராக்டர், ஒரு ராணுவ டாங்கி என ஆறு வண்டிகள். ரயில்வே கேட்டுக்கு வெளியே நிறுத்தி வைக்கத்தான் இவற்றைச் செய்தார்கள். வண்டிகள் ரயிலைவிட வேகமாக விற்கவே, 1934-இல் 'டிங்கி டாய்ஸ்' என்று தனிப்பெயர் கிடைத்தது.

இந்தப் பிறப்பின் அடையாளம் அளவுகோலில் இன்றும் தங்கியிருக்கிறது. பிரிட்டனில் ஓ கேஜ் மாதிரிகளைச் செய்பவர்கள் நிஜத்தின் ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்று கணக்கு வைத்தார்கள். வகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய 1:43. ரயிலே இல்லாத வீடுகளின் கண்ணாடி அலமாரியில் நிற்கும் கார்களும் இன்று 1:43 அளவில் வருவது அந்தப் பழக்கத்தால்தான். 1938-இல் ஹார்ன்பி டப்ளோ என்ற சிறிய ரயில் வந்தது, அளவு 1:76. அதன் பக்கத்தில் வழக்கமான டிங்கி கார் யானைக்குட்டி மாதிரி நிற்கும். ஆகவே 1957 முதல் சில ஆண்டுகள் 'டப்ளோ டிங்கி' என்று சின்ன வண்டிகளைத் தனியாக வார்த்தார்கள். சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சக்கரம் போட்ட போர்டு பிரிபெக்ட், லண்டன் டாக்சி, தபால் வேன், டிராக்டர் எல்லாம் அந்த வரிசையில் உண்டு. ரயில்காரரும் கார்க்காரரும் ஒரே பொருளுக்குப் போட்டி போடும் அபூர்வமான இடம் இது.

1953-இல் லெஸ்னி நிறுவனம் தீப்பெட்டி அளவு டப்பாவில் மேட்ச்பாக்ஸ் வண்டிகளைத் தந்தது. டப்பாவுக்குள் அடங்க வேண்டும் என்பதுதான் அங்கே விதி. அதனால் பஸ்ஸும் காரும் ஒரே நீளத்தில் இருக்கும். ரயிலோடு சேர்த்து வைக்க ஆசைப்படுபவர் இதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். 1956-இல் கார்கி, 1968-இல் ஹாட் வீல்ஸ் என்று போட்டி வளர, மெக்கானோ நொடித்துப்போய் 1979 நவம்பரில் லிவர்பூல் பின்ஸ் சாலைத் தொழிற்சாலையை மூடியது.

கல்கத்தா வார்ப்புகள்

சுதந்திரத்துக்குப் பிந்தைய இந்தியாவில் பொம்மை இறக்குமதிக்குக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. வெளிநாட்டுக் கார் பொம்மை என்றால் சிங்கப்பூர் மாமாவோ வளைகுடா சித்தப்பாவோ பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவந்தால்தான் உண்டு. இல்லையென்றால் சென்னை பர்மா பஜாரில் பேரம் பேச வேண்டும். இந்த வறட்சியில்தான் 1960களின் பிற்பகுதியில் டிங்கியின் பழைய அச்சுகள் சில கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் வார்த்த வண்டிகள் 'நிக்கி டாய்ஸ்' என்ற பெயரில் விற்றன. ஜாகுவார் இ-டைப், எம்ஜிபி, வோக்ஸ்வாகன் 1500, ஜீப் முதலியவை இந்த வரிசையில் அடங்கும்.

நிக்கி வண்டி கையில் கிடைத்தால் முதலில் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். அடித்தகட்டில் 'டிங்கி' என்றிருந்த எழுத்தை அச்சிலிருந்து அரைகுறையாக நீக்கியிருப்பார்கள். டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால், சில வண்டிகளில் அந்த இடம் மட்டும் சொரசொரப்பாகத் தெரியும். பக்கத்திலேயே 'மேட் இன் இந்தியா' இருக்கும். பெயின்ட் தடிப்பாக, கதவு விளிம்பில் வழிந்து உறைந்திருக்கும். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் வெகுகாலம் இவற்றைத் தரம் குறைந்த சரக்கு என்று ஒதுக்கினார்கள். அது சரியான மதிப்பீடு அல்ல. பளபளக்கும் லிவர்பூல் இ-டைப் எங்கும் கிடைக்கிறது. தேய்ந்த அச்சை வைத்துக்கொண்டு கல்கத்தாத் தொழிலாளி எப்படிச் சமாளித்தார் என்பதற்கு இந்த வழிந்த பெயின்ட்டைவிட வேறு சாட்சி கிடையாது.

நிக்கி வரிசையில் தமிழ்நாட்டுக்கு நெருக்கமானது ஸ்டாண்டர்ட் 20 மினிபஸ். இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் அட்லஸ் என்ற வேனுக்காகச் செய்த அச்சு அது. அந்த வேனின் இந்திய வடிவத்தைத் தயாரித்தது மெட்ராஸின் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா. ஹெரால்டு, கெஸல் கார்களைச் செய்த அதே நிறுவனம். நிஜ வண்டி மெட்ராஸில், பொம்மை கல்கத்தாவில் என்று இரண்டும் இந்தியாவிலேயே உருவாயின. நிறுவனத்தின் கார் உற்பத்தி 1988-இல் நின்றுபோனது. நிஜ ஸ்டாண்டர்ட் 20 இப்போது சாலையில் தென்படுவது அரிது. பொம்மையாவது அவ்வப்போது விற்பனைக்கு வருகிறது.

கல்கத்தாவிலிருந்தே மில்டன் என்ற பெயரில் கார்கி கார்களின் சாயலிலும், மேக்ஸ்வெல் என்ற பெயரில் மேட்ச்பாக்ஸ் அளவிலும் வண்டிகள் வந்தன. 1980களில் விஐபி சூட்கேஸால் பெயர்பெற்ற புளோ பிளாஸ்ட், மேட்டலோடு கூட்டுச் சேர்ந்து 'லியோ' பெயரில் ஹாட் வீல்ஸ் வண்டிகளை இங்கேயே தயாரித்தது. மற்ற நாடுகளில் வராத நிறங்களில் அவை வந்ததால் இப்போது அமெரிக்கச் சேகரிப்பாளர்களே தேடி வாங்குகிறார்கள். 1980களில் வளர்ந்தவர் வீட்டுப் பரணில் ஒன்றிரண்டு கிடக்க நல்ல வாய்ப்பு உண்டு.

கொலுவும் பரணும்

ஐரோப்பிய வீட்டில் ரயிலுக்கென்று மேஜை போட்டு மலையும் ஊரும் கட்டினார்கள். தமிழ் வீட்டில் அந்த வேலை நவராத்திரிக்கு நடந்தது. கொலுப்படிக்குக் கீழே தரையில் மண் பரப்பி, ஒரு வாரம் முன்னாலேயே கேழ்வரகோ கடுகோ தூவி முளைக்கவிட்டால் புல்வெளி. முகம் பார்க்கும் கண்ணாடி குளமாகும். பழைய காகிதத்தைக் கசக்கிச் சாயம் பூசினால் மலை, அதன் வயிற்றில் குகைப்பாதை. அதைச் சுற்றி சாவி ரயில், ஓரமாகத் தகர ஸ்டேஷன், சாலையில் கார்கள். அளவுகோல் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை; மரப்பாச்சி உயரத்துக்குப் போலீஸ்காரர், அவர் முழங்காலளவு பஸ். மைசூர் தசரா மரபில் பொம்மை வைக்கும் கன்னட வீடுகளிலும் இப்படிக் காட்சி அமைப்பதுண்டு.

ஒன்பது நாள் கழித்து எல்லாவற்றையும் பழைய வேட்டித் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பரணேற்றுவார்கள். வருஷம் முழுக்கப் பிள்ளைகள் கைக்கு எட்டாது. அன்றாடம் விளையாடிய கார்களில் பெயின்ட் உதிர்ந்து சக்கரம் காணாமல் போக, கொலுவுக்கு ஒதுக்கிய கார்கள் புதுக்கருக்கு மாறாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். ஆனால் அட்டை டப்பாவை மட்டும் முதல் நாளே தூக்கிப் போட்டிருப்பார்கள். சேகரிப்புச் சந்தையில் டப்பாவோடு இருக்கும் வண்டிக்கும் இல்லாததற்கும் விலை மடங்குக் கணக்கில் வேறுபடும் என்பது அந்தப் பாட்டிகளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

பெங்களூரில்

பரணிலிருந்து இறங்கும் பொம்மைகளைத் தேட ஓர் இடம் ஓசூர் சாலையை ஒட்டிய பொம்மனஹள்ளி. 2007 வரை அது தனி நகராட்சி. பிறகு பெங்களூர் மாநகராட்சியோடு இணைந்தது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளும் எலக்ட்ரானிக் சிட்டி வேலைகளும் கிருஷ்ணகிரி, தருமபுரி, வேலூர்ப் பக்கத்துத் தமிழர்களை இங்கே குடியேற்றின. வீடு மாற்றும்போது பழைய பேப்பரோடு டிரங்குப் பெட்டியும் குஜிரி எனும் பழைய சாமான் கடைக்குப் போகும். தகர ரயிலும் ஓட்டை அலுமினியமும் அங்கே ஒரே தராசில்தான். சேகரிப்பவர் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது பலன் தரும். கேட்டால் விலை ஏறும் என்பது வேறு விஷயம். நகருக்குள் அவென்யூ சாலைக்கு அருகே பி.வி.கே. ஐயங்கார் சாலையை ஒட்டிக் கூடும் ஞாயிறு சந்தை இன்னொரு இடம். மெட்ரோவின் மஞ்சள் தடம் 2025 ஆகஸ்ட் 10 அன்று திறந்தபின், பொம்மனஹள்ளி நிலையத்தில் ஏறி ஆர்.வி. சாலையில் பச்சைத் தடத்துக்கு மாறிச் சிக்பேட்டையில் இறங்கினால் போதும். விடியற்காலைச் சரக்கு வேண்டுமானால் மெட்ரோவை நம்ப முடியாது. சென்னைக்காரர்களுக்கு இந்த ஞாயிறு சந்தைபோல் இருந்த மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோனது.

ரயில் மாதிரிகளை ஓடும் நிலையில் பார்க்க விரும்புபவர் புனே போக வேண்டும். கோத்ரூடில் உள்ள ஜோஷி மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகம் 1998 முதல் இயங்குகிறது. ஆனால் இந்திய ரயிலையே மாதிரியாகச் செய்ய நினைப்பவருக்கு ஒரு தலைவலி உண்டு. நமது அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். 1:87 அளவான எச்ஓ-வில் அது 19.3 மில்லிமீட்டர் ஆக வேண்டும். கடையில் கிடைக்கும் தண்டவாளமோ 16.5 மில்லிமீட்டர், ஐரோப்பிய 1,435 மில்லிமீட்டர் பாதைக்கான கணக்கு அது. பெரும்பாலோர் கண்ணை மூடிக்கொண்டு இந்திய இன்ஜினை அதிலேயே ஓட்டுகிறார்கள். மீட்டர்கேஜ் பிரியர்களுக்குச் சங்கடம் குறைவு: 11.5 வர வேண்டிய இடத்தில் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கிடைக்கிறது.

வாங்கும்போதும் வைக்கும்போதும்

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கி வண்டிகளைக் கெடுப்பது துத்தநாகச் சிதைவு. வார்ப்புக் கலவையில் ஈயம் கொஞ்சம் கலந்துவிட்டால், உலோகத்தின் மணிகளுக்கு நடுவே அரிப்பு உண்டாகி வண்டி உப்பி, வெடித்து, கடைசியில் பிஸ்கட்போல் நொறுங்கும். ஈரப்பதம் இதை விரைவுபடுத்தும். நிறுத்த மருந்து கிடையாது. கூரையில் மயிரிழை விரிசலோ அடித்தகடு வளைந்திருப்பதோ தெரிந்தால் வாங்காமல் விடுவது நல்லது. தகரப் பொருளுக்கு எதிரி துரு. இந்த விஷயத்தில் பெங்களூர்க் காற்று சென்னைக் கடற்காற்றைவிட எவ்வளவோ மேல்.

அடித்தகட்டை உடம்போடு பிணைக்கும் ரிவெட்டைக் கவனிக்க வேண்டும். துளைபோட்ட தடமோ திருகாணியோ இருந்தால் யாரோ பிரித்துப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். உதிர்ந்த பெயின்ட்டோடு இருக்கும் அசல் வண்டியைவிடப் புதிதாகப் பூசியது மலிவு. மாற்று டயரும் நகல் டப்பாவும் தாராளமாகக் கிடைக்கின்றன. விற்பவர் அதைச் சொல்லி விற்றால் தவறில்லை. தகர ஸ்டேஷனின் மடிப்பு நாக்குகள் இரண்டு மூன்று தடவைக்கு மேல் வளைத்தால் முறிந்துவிடும் என்பதால் அவற்றைப் பிரிக்காமல் விடுவதே மேல். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அலமாரிக்குப் பூட்டு தேவை.

மின்சார ரயில்களில் பிரிட்டிஷ் ஹார்ன்பி டப்ளோ 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடும். ஜெர்மன் நிறுவனமான மெர்க்லினின் பழைய எச்ஓ இன்ஜின்கள் 16 வோல்ட் மாறுமின்சாரத்துக்கானவை. ஒன்றை மற்றொன்றின் தண்டவாளத்தில் வைக்கக் கூடாது. இவற்றோடு வரும் ஐம்பது, அறுபது வருஷத்துப் பழைய டிரான்ஸ்பார்மரின் காப்பு உறை பொடிந்திருக்கும். அதைக் காட்சிக்கு மட்டும் வைத்துக்கொண்டு புதிய மின்மாற்றியால் ஓட்டுவதே பாதுகாப்பு.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது இப்போது செலவு பிடிக்கும் காரியம். பொம்மைகளுக்கான சுங்க வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்ந்தது. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். புவிசார் குறியீடு பெற்ற கைவினைப் பொம்மைகளுக்கு இதில் விலக்கு உண்டு. பெங்களூரிலிருந்து மைசூர் ரயிலில் சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கும் சென்னபட்டணத்தின் அரக்குச் சாய மர ரயில்கள் அந்த வகையைச் சேர்ந்தவை.