பஸ்ராவின் கால்வாய்கள்

நமது அரபிக் கல்லூரிகளில் பஸ்ரா என்றதும் மாணவர் நினைவுக்கு வருவது நஹ்வு இலக்கணமே. பஸ்ரா அறிஞர்கள் இவ்வாறு கூறினர், கூஃபா அறிஞர்கள் அதனை மறுத்தனர் என்று பாடம் நகரும். கலீலும் ஸீபவைஹியும் நடமாடிய அந்நகரின் மக்கள் எந்த நீரைக் குடித்தார்கள் என்று எவரும் கேட்பதில்லை. அதுவோ அந்நகர மக்களை நாள்தோறும் வாட்டிய கேள்வி.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் உத்பா இப்னு கஸ்வான் (ரலி) அமைத்த படைமுகாமே பஸ்ரா. தொடக்கத்தில் வீடுகள் யாவும் நாணலால் ஆனவை. போருக்குப் புறப்படுகையில் நாணலைப் பிரித்துக் கட்டிவைப்பர். திரும்பியதும் மீண்டும் எழுப்புவர். நிலமோ உவர். அஹ்னஃப் இப்னு கைஸ் கலீஃபாவிடம் சென்று முறையிட்டதை பலாதுரீ பதிவு செய்துள்ளார். நன்னீர் எடுக்க இரண்டு ஃபர்ஸக் தொலைவு நடக்கும் பெண், தான் திரும்பும்வரை குழந்தைக்குத் தீங்கு நேராதிருக்க அதனை ஆட்டைக் கட்டுவது போல் கட்டிவைத்துவிட்டுச் செல்கிறாள் என்பதே அம்முறையீடு. அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களுக்குக் கால்வாய் வெட்டும்படி ஆணை சென்றது. பின்னர் வெட்டப்பட்ட வாய்க்கால்களுள் ஒன்று மஅகில் இப்னு யஸார் (ரலி) என்ற நபித்தோழரின் பெயர் பெற்றது. 'அல்லாஹ்வின் ஆறு வந்துவிட்டால் மஅகிலின் ஆறு எடுபடாது' என்ற அரபுப் பழமொழி அதிலிருந்து பிறந்ததே.

இக்கால்வாய்களை இயக்கியது கடலின் ஓதம். வளைகுடாவில் ஏற்றம் வரும்போது ஆற்றின் நன்னீர் கடலுக்குள் இறங்க வழியின்றித் தேங்கி உயர்ந்து வாய்க்கால்களில் ஏறும், வற்றத்தில் வடிந்துவிடும். நாளுக்கு இருமுறை, ஏற்றமும் இறைப்பும் இன்றிப் பேரீச்சந் தோப்புகள் நனைந்தன. கால்வாய்களின் எண்ணிக்கை ஒரு லட்சத்து இருபதாயிரத்தைத் தாண்டியது எனக் கேட்டுத் தாம் நம்ப மறுத்ததாகப் புவியியலாளர் இஸ்தக்ரீ எழுதுகிறார். நேரில் சென்றபோது, ஓர் அம்பு பாயும் தூரத்துக்குள் பல சிறு கால்வாய்களையும் அவற்றில் ஓடும் படகுகளையும் கண்டாராம். எண்ணிக்கையை நாமும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை, காட்சியை ஏற்கலாம். நிலங்களுக்குப் பெயரிட, உரியவரின் பெயரோடு 'ஆன்' சேர்ப்பது பஸ்ரா வழக்கு. தல்ஹாவின் நிலம் தல்ஹதான். அப்பாதின் நிலம் அப்பாதான். இன்று ஈரானில் எண்ணெய் சுத்திகரிப்புக்குப் பெயர்பெற்ற ஆபாதான் நகரம் அதுவே.

ஆயினும் கால்வாய்க்குத் தொலைவில் குடியிருந்தோருக்கு உவர்க் கிணறே கதி. ஜாஹிழின் 'புகலா' நூலில் பள்ளிவாசலில் கூடும் கஞ்சர்களுள் ஒருவர், தம் கிணற்று நீரைக் கழுதையும் தீண்டாது என்கிறார். கழுதைக்கு நன்னீர் தருவது கட்டுப்படியாகவில்லை. ஆகவே குளிக்குமிடத்தில் வழவழப்பான குழியொன்று கட்டி, தாம் குளித்த நீரை அதில் தேக்கிக் கழுதைக்குக் காட்டினாராம். சிரிப்பதற்காக எழுதப்பட்ட கதைதான். ஆனால் ஒரு குடம் நன்னீரின் மதிப்பை இதைவிடத் தெளிவாக எந்த வரலாற்று நூலும் சொல்லவில்லை.

இந்த வளத்துக்கு விலை கொடுத்தவர்களையும் சொல்லியாக வேண்டும். உப்புப் படிந்த மேல்மண்ணை வாரி அகற்றி நிலத்தைச் சீராக்க, கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள் அமர்த்தப்பட்டனர். 869இல் வெடித்த ஸன்ஜ் கிளர்ச்சி 883வரை நீடித்தது. 871இல் பஸ்ராவே சூறையாடப்பட்டது. இதனை வெறும் கலகம் என்று இரண்டு வரிகளில் கடந்துவிடும் நம் பாடநூல்கள், அந்த உப்பை யார் சுமந்தார்கள் என்பதைச் சொல்வதில்லை.

1327இல் வந்த இப்னு பதூதா பஸ்ராவிலிருந்து உபுல்லாவுக்குப் பத்து மைல் படகில் சென்றார். இருமருங்கும் இடைவிடாத தோப்புகள். மரநிழலில் ரொட்டி, மீன், பேரீச்சை, பால் விற்போர். ஸஹ்ல் துஸ்தரீ (ரஹ்) வழிபட்ட இடத்துக்கு நேரே படகு வந்ததும் பயணிகள் அவ்விடத்து நீரை அள்ளிப் பருகி துஆ செய்தனர். காழி அவருக்கு அனுப்பிய ஒரு கூடைப் பேரீச்சை சந்தையில் ஒன்பது திர்ஹத்துக்கு விலைபோனது. அதில் மூன்று சுமைகூலிக்கே சரியாயிற்று. ஜும்ஆவில் கதீப் இலக்கணப் பிழைகளோடு குத்பா ஓதியதைக் கேட்டு அவர் திகைத்தபோது, இவ்வூரில் நஹ்வு அறிந்தவர் எவரும் மிஞ்சவில்லை என்றார் அதே காழி. இலக்கணம் போயிற்று, பேரீச்சையும் படகும் இருந்தன.

பழைய நகரம் இன்றைய ஸுபைர் அருகே மண்மேடாயிற்று. இப்போதைய பஸ்ரா பழைய உபுல்லாவின் பக்கம் வளர்ந்தது. அதன் கால்வாய்க் கரைகளில், வெளியே நீண்ட மரச்சாளரங்கள் கொண்ட ஷனாஷீல் வீடுகள் சில எஞ்சியுள்ளன. 1980 முதல் 1988 வரை நடந்த போரில் தோப்புகள் பெருமளவில் அழிந்தன. மேலே அணைகள் பெருகி ஆற்றின் வரத்து குறைந்தபின், ஓதம் நன்னீரை ஏற்றுவதற்குப் பதிலாகக் கடல்நீரையே உள்ளே கொண்டுவருகிறது. 2018ஆம் ஆண்டுக் கோடையில் அந்நகரின் குடிநீரால் நோயுற்று மருத்துவமனைகளை நாடியோர் ஒரு லட்சத்துக்கும் மேல்.