கூரைக்கு மரம் எங்கிருந்து வந்தது?



மக்களாட்சியைச் சாய்ப்பது அந்நியச் சர்வாதிகாரியின் படையா, பணமா? படைதான்னு எதிரணித் தம்பி முழங்கிட்டுப் போனார். படை வரும்யா, நான் மறுக்கலை. அதுக்கு முன்னாடி எது வரும் தெரியுமா? கழுதை வரும்! பொன்மூட்டை சுமந்த கழுதை ஏற முடிஞ்சா எந்தக் கோட்டையையும் பிடிச்சிடலாம்னு மாசிடோனிய மன்னன் பிலிப் சொன்னதா ஒரு பழைய கதை. அலெக்சாண்டரைப் பெத்த அப்பன்.

கிரேக்கத்துல ஒலிந்தஸ்னு ஒரு நகரம். மக்களே கூடித் தலைவரைத் தேர்ந்தெடுக்கிற ஊர். அங்கே லாஸ்தனீஸ், யூதிகிரேட்டஸ்னு ரெண்டு பேர். ஒருத்தர் வீட்டுக் கூரைக்கு மாசிடோனியாவிலிருந்து மரம் வந்து இறங்குது. இன்னொருத்தர் விலை கொடுக்காத மாடுகளை மந்தை மந்தையா மேய்க்கிறார். ஏதென்ஸ் நகரப் பேச்சாளர் டெமாஸ்தனீஸ் நீதிமன்றத்துலேயே சொன்ன விவரம் இது. "ஏதப்பா மரம்?"னு ஊர் கேட்டிருக்கணுமா இல்லையா? கேட்கலை. 'பிழைக்கத் தெரிஞ்சவன்'னு மெச்சுச்சு. நம்ம திண்ணையில இந்த வார்த்தையை நீங்க கேட்டதே இல்லையா?

பிலிப்பை எதிர்த்த அப்போலோனிடஸை ஊரைவிட்டே துரத்தினாங்க. லாஸ்தனீஸைக் குதிரைப்படைத் தலைவராக்கினாங்க. யாரு? மக்களேதான்! கி.மு. 348-ல் அந்தத் தலைவர்களே 500 குதிரை வீரர்களைப் பிலிப் கையில ஒப்படைச்சாங்க. நகரம் தரைமட்டம். ஜனங்க அடிமைகளா விலைபோனாங்க.

அப்போ மாற்றிப் பேசுறவன் வாயையெல்லாம் கட்டிடலாமா? கட்டினா நமக்கும் பிலிப்புக்கும் என்னய்யா வித்தியாசம்? ஏதென்ஸ் சட்டம் நுட்பமானது. பிலிப்போடு சமாதானம் வேணும்னு பேசலாம், குற்றமில்லை. காசு வாங்கிட்டு ஊருக்குக் கேடான யோசனை சொன்னாத்தான் குற்றம். சமாதானத்தை முடிச்சு வெச்ச ஃபிலாகிரேட்டஸ் மேல கி.மு. 343-ல் வழக்கு வந்தது. விசாரணைக்கு முன்னாலேயே மனுஷன் ஓடிட்டார்.

அந்தத் தராசு ஆள் பார்க்கலை. அலெக்சாண்டரின் கஜானாக்காரன் ஹர்ப்பாலஸ் கொண்டுவந்த பணத்துல கைவெச்சார்னு, கி.மு. 323-ல் டெமாஸ்தனீஸுக்கே 50 தாலந்து அபராதம், சிறை! தீர்ப்பு சரியான்னு இன்னிக்கும் அறிஞர்கள் வாதாடுறாங்க. ஆனா கேட்டாங்களே!

"கி.மு. 338-ல் கைரோனியா போர்க்களத்துல ஏதென்ஸும் பிலிப்கிட்ட தோத்துச்சே"ன்னு எதிரணி எழுந்திருப்பாங்க. தோத்துச்சு. அதுக்கப்புறமும் 16 வருஷம், கி.மு. 322 வரைக்கும், அந்த ஊர்ல மக்கள் சபை கூடுச்சு, கை தூக்கி ஓட்டுப் போட்டுச்சு. ஒலிந்தஸ்ல கூட ஊரே இல்லை.