2147483647 (எண்)

2147483647 (இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு இலட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு) என்பது பத்து இலக்கங்களைக் கொண்ட ஒரு பகா எண் ஆகும். 2-இன் 31-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் இவ்வெண் கிடைக்கும். இவ்வடிவில் அமையும் பகா எண்கள் மெர்சென் பகா எண்கள் எனப்படும். அவ்வரிசையில் இது எட்டாவது. அடுக்காக உள்ள 31-உம் ஒரு மெர்சென் பகா எண் (2^5 − 1) என்பதால் இது இரட்டை மெர்சென் பகா எண்ணும் ஆகும். அவ்வகையில் அறியப்பட்டவை 7, 127, 2147483647, 2^127 − 1 ஆகிய நான்கு மட்டுமே.

பகா எண் என நிறுவல்

பிரெஞ்சுத் துறவி மாரென் மெர்சென் 1644-இல் வெளியிட்ட பட்டியலில் அடுக்கு 31 இடம்பெற்றிருந்தது. ஆனால் அவர் நிறுவல் எதையும் தரவில்லை. அதே பட்டியலில் இருந்த 67, 257 ஆகியன பின்னர் தவறு எனத் தெரியவந்தன. 31-க்கான நிறுவலைத் தந்தவர் லியோனார்டு ஆய்லர். பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் அவர் இதைத் தெரிவித்தார்.

இவ்வெண்ணின் வர்க்கமூலம் 46340-ஐச் சற்றே தாண்டும். எனவே அதுவரையுள்ள ஏறத்தாழ 4,800 பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். கையால் செய்வதற்கு இது பெரும் வேலை. இவ்வெண்ணுக்குப் பகாக் காரணி இருப்பின், அதை 31-ஆல் வகுக்க மீதி 1 ஆகவும், 8-ஆல் வகுக்க மீதி 1 அல்லது 7 ஆகவும் இருத்தல் வேண்டும். இரண்டையும் இணைத்தால், அக்காரணியை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 ஆகும். இந்நிபந்தனைக்கு உட்படும் எண்கள் நானூறுக்கும் குறைவு. அவற்றுள் எதுவும் மீதியின்றி வகுக்கவில்லை.

இதிலிருந்து எட்டாவது செவ்விய எண்ணான 2305843008139952128 (2^30 × 2147483647) கிடைக்கிறது. இதனினும் பெரிய செவ்விய எண் ஒருபோதும் கண்டறியப்படாது என 1811-இல் பீட்டர் பார்லோ எழுதினார். 1876-இல் எடுவார்டு லூக்கா 2^127 − 1 பகா எண் என நிறுவியதும் அக்கூற்று பொய்த்தது.

கணினியியலில்

குறியுடைய 32 பிட்டு முழு எண்ணில் ஒரு பிட்டு குறிக்குச் செல்ல, மீதமுள்ள 31 பிட்டுகளில் அடங்கும் மிகப்பெரிய மதிப்பு இதுவே. இதனுடன் 1-ஐக் கூட்டினால் பெரும்பாலான கணினிகளில் −2147483648 கிடைக்கும். 2014 திசம்பரில் 'கங்னம் ஸ்டைல்' பாடலின் பார்வை எண்ணிக்கை இவ்வெல்லையைக் கடந்தபோது, யூடியூப் தனது எண்ணியை 64 பிட்டுக்கு மாற்றியிருந்ததாக அறிவித்தது. 2015-இல் வெளிவந்த எச்சரிக்கை இதனினும் கடுமையானது. போயிங் 787 வானூர்தியின் மின்னாக்கிக் கட்டுப்பாட்டு அலகுகள் 248 நாட்கள் தொடர்ந்து இயங்கினால், அவற்றின் எண்ணி நிரம்பி மாறுதிசை மின்னோட்டம் முழுவதும் நின்றுபோகக்கூடும் என அமெரிக்க வான்பயண நிருவாகம் அறிவித்தது. 2^31 நூற்றில்-ஒரு-நொடிகள் என்பது ஏறத்தாழ 248.5 நாட்கள். (மேலே கண்ட 248-உடன் இது ஒத்திருப்பது தற்செயலே.)

யுனிக்சு வகை இயங்குதளங்கள் நேரத்தை 1970 சனவரி 1 முதல் கழிந்த நொடிகளாகக் கணக்கிடுகின்றன. 32 பிட்டில் நேரத்தைச் சேமிக்கும் அமைப்புகள் 2038 சனவரி 19 அன்று ஒருங்கிணைந்த உலக நேரம் 03:14:07 மணிக்கு (இந்திய, இலங்கை நேரம் காலை 08:44:07) இவ்வெண்ணை எட்டும்; அடுத்த நொடியில் அவை 1901 திசம்பர் 13 எனக் காட்டும். 64 பிட்டு நேரத்தைப் பயன்படுத்தும் அமைப்புகளுக்கு இச்சிக்கல் இல்லை. 32 பிட்டு கணினிகளுக்கான தீர்வு லினக்சு கருவின் 5.6 பதிப்பில் (2020) முழுமை பெற்றது. எனினும் இற்றைப்படுத்த இயலாத பழைய உட்பொதி கருவிகளுக்கு அது பயன்படாது.