மங்கலுக்கும் ஒரு வரலாறு உண்டு



என்னிடம் படித்து, இன்று கல்யாண போட்டோ எடுக்கும் தொழிலில் இருக்கும் ஒருவர் போன வாரம் கேட்டார்: "சார், பேக்ரவுண்ட் நல்லா ப்ளர் ஆகுற லென்ஸ்னு எதை வச்சு சொல்றது? விலையை வச்சா?" போனில் நாலு வரியில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

1839-இல் பாரிஸில் டாகுவேர் தன் புகைப்பட முறையை வெளியிட்டபோது, லென்ஸுக்குள் வெளிச்சம் மிகக் குறைவாகவே போனது. ஒரு படத்துக்கு நிமிடக் கணக்கில் அசையாமல் உட்கார வேண்டும். மறு வருடமே, 1840-இல், வியன்னாவில் கணிதப் பேராசிரியராக இருந்த ஜோசப் பெட்ஸ்வால், கணக்குப் போட்டே ஒரு லென்ஸை வடிவமைத்தார். உதவிக்குப் பீரங்கிப் படையில் கணக்குத் தெரிந்த வீரர்களைக் கொடுத்ததாகச் சொல்வார்கள். அது பல மடங்கு வெளிச்சத்தை உள்ளே விட்டது. முகம் தெளிவாக விழுந்தது. ஆனால் ஓரங்கள் மங்கின. பின்னால் இருந்த இலைகள் சுழல்வதுபோல் தெரிந்தன. வேகத்துக்குக் கொடுத்த விலை அது. இன்று அதே சுழலுக்காகவே அந்த லென்ஸைத் தேடி வாங்குகிறார்கள்!

அடுத்து ஒரு பெண்மணி. ஜூலியா மார்கரெட் கேமரூன். 1815-இல் கல்கத்தாவில் பிறந்தவர். இலங்கையின் கோல்புரூக் – கேமரூன் குழுவைப் பாடத்தில் படித்தவர்களுக்கு இவர் கணவர் சார்லஸ் கேமரூனைத் தெரிந்திருக்கும். 1863 டிசம்பரில், தன் 48-ஆவது வயதில், மகளும் மருமகனும் பரிசளித்த கேமராவில்தான் இந்த அம்மையார் படம் எடுக்கப் பழகினார். அவர் எடுத்த முகங்கள் மென்மையாக, சற்று மங்கலாக இருந்தன. லண்டன் புகைப்படச் சங்கத்து ஆட்கள் "ஃபோகஸ் செய்யவே தெரியவில்லை" என்ற தொனியில் எழுதினார்கள். எது முறையான ஃபோகஸ் என்று தீர்மானிக்க யாருக்கு உரிமை என்று அவர் தன் நண்பரான விஞ்ஞானி ஜான் ஹெர்ஷலுக்கு எழுதிக் கேட்டார். 1875-இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்து, அங்கே வேலை செய்த எளிய மக்களையும் படம் எடுத்தார். 1879-இல் காலமானார். மலையகத்தில் பொகவந்தலாவை தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது.

அந்தச் சண்டை அவரோடு முடியவில்லை. 1889-இல் எமர்சன் என்ற ஆங்கிலேயர், நம் கண்ணே ஓர் இடத்தைத்தான் கூர்மையாகப் பார்க்கிறது, படமும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று புத்தகம் போட்டார். 1932-இல் அமெரிக்காவில் ஆன்செல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலியோர் "எஃப் 64 குழு" என்று சேர்ந்து, முன்னும் பின்னும் எல்லாமே தெளிவாக இருக்க வேண்டும் என்றார்கள்.

மங்கலின் அளவை விட்டு, அதன் தரத்துக்கு ஒரு பெயர் வைத்துப் பேசியவர்கள் ஜப்பானியர்கள். "போக்கே" என்றால் மங்கல். வயதானவர்களின் ஞாபக மறதிக்கும் அதே சொல்தான். என் வயதுக்காரர்கள் கோபிக்க வேண்டாம்! 1997-இல் மைக் ஜான்ஸ்டன் என்ற அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர் இதைப் பற்றிக் கட்டுரைகள் வெளியிட்டார். ஆங்கிலம் படிப்பவர்கள் "போக்" என்று வாசித்துவிடக் கூடாதே என்று சொல்லின் கடைசியில் ஓர் "எச்" சேர்த்தார். உலகம் முழுக்க அந்த எழுத்துக்கூட்டலே நிலைத்தது.

இனி எப்படி மதிப்பிடுவது? ஃபோகஸில் இல்லாத ஒவ்வோர் ஒளிப்புள்ளியும் படத்தில் ஒரு வட்டமாக விழும். காகிதத்தில் எண்ணெய்த் துளி பட்டால் ஓரம் தேய்ந்து பரவும். டீ கிளாஸை வைத்து எடுத்தால் ஓரத்தில் வளையம் விழும். எண்ணெய்த் துளி மாதிரி வட்டம் விழுந்தால் பின்னணி இழைந்து போகும். டீ கிளாஸ் மாதிரி விழுந்தால் புல், கிளை, ஜன்னல் கம்பி எல்லாம் இரட்டைக் கோடாகி உறுத்தும். லென்ஸின் கோளப் பிறழ்ச்சியை எந்த அளவுக்குத் திருத்தியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது இது. பின்னால் இழையும் லென்ஸ் பெரும்பாலும் முன்னால் உறுத்தும். இரண்டும் சேர்ந்து கிடைப்பது அரிது. இதற்காகவே 1990-இல் நிக்கான் மங்கலைத் திருப்பி அமைக்கும் வளையத்துடன் ஒரு 135 மி.மீ. லென்ஸும், 1999-இல் மினோல்டா ஓரத்து ஒளியைப் படிப்படியாகக் குறைக்கும் கண்ணாடியுடன் ஒரு 135 மி.மீ. லென்ஸும் கொண்டுவந்தன.

வாங்கும் முன் நீங்களே சோதிக்கலாம். இரவில் சீரியல் பல்புகளுக்கு முன்னால், நல்ல இடைவெளி விட்டு ஒருவரை நிறுத்தி, அபெர்ச்சரை முழுதாகத் திறந்து எடுங்கள். வட்டத்தின் ஓரத்தில் வளையம் இருக்கிறதா? உள்ளே வெங்காயம் நறுக்கியதுபோல் கோடுகள் தெரிகின்றனவா? படத்தின் மூலைகளில் வட்டம் எலுமிச்சை வடிவத்துக்கு நசுங்குகிறதா? பிறகு அபெர்ச்சரைச் சற்று மூடுங்கள்; வட்டம் ஐங்கோணமாகவோ அறுகோணமாகவோ மாறுகிறதா? கடைசியாகப் பகலில் ஒரு வேலிச் செடிக்கு முன் எடுத்துப் பாருங்கள். விலைப்பட்டியல் சொல்லாததை இந்தப் படங்கள் சொல்லிவிடும்.

போனில் வருவது வேறு. 2016-இல் ஐபோன் 7 பிளஸ் இரண்டு கேமராக்களை வைத்துத் தூரத்தைக் கணக்கிட்டு, பின்னணியை மென்பொருளால் மங்கலாக்கியது. அதனால்தான் இப்படிப்பட்ட படங்களில் பாட்டியின் நரைமுடியும் மூக்குக்கண்ணாடி ஓரமும் சில நேரம் சேர்ந்து கரைந்துபோகின்றன.

உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். பழைய குடும்பப் படங்களில் நாம் இன்று உற்றுப் பார்ப்பது எதை? பின்னால் தெரியும் திண்ணையை, நாள்காட்டியை, கொடியில் காயும் வேட்டியை. அன்று யாரும் அவற்றைப் படம் எடுக்க நினைக்கவில்லை. தானாக விழுந்து, நமக்கு வரலாறாகிவிட்டன. இன்று அவை எல்லாம் அழகான மங்கலாகிவிடுகின்றன. விசேஷ வீட்டில் பத்துப் படம் அப்படி எடுங்கள், தவறில்லை. பதினொன்றாவது படத்தில் வீடும் வாசலும் தெளிவாகத் தெரியட்டும். பேரப்பிள்ளைகள் தேடுவார்கள்.

உங்கள் வீட்டுப் பழைய படங்களில் பின்னணியில் என்ன இருக்கிறது? கீழே எழுதுங்கள், எல்லோரும் படிப்போம்.

வாழ்க வளமுடன்.