பேய்க்கதையில் விவாகரத்துக்கு என்ன வேலை? டீன்ஏஜ் நாவல்களுக்குள் ஒளிந்திருக்கும் வீட்டுக் கதை

எந்நேரமும் பேய், ரத்தக்காட்டேரி நாவல்... "அப்படி என்னதான் இருக்கு அதுல?" என்று டீன்ஏஜ் பிள்ளைகளின் பெற்றோர் கேட்பதுண்டு. புரட்டிப் பார்த்தால் ஆச்சரியமா இருக்கும். இந்தக் கதைகளில் பல, பேயில் தொடங்குவதில்லை. குடும்பம் கலைவதில் தொடங்குகின்றன.

ஸ்டெஃபனி மேயரின் 'ட்விலைட்' (2005) நாவலில் 17 வயது பெல்லாவின் பெற்றோர் பிரிந்தவர்கள். அம்மா மறுமணம் செய்துகொண்டதால், வெயில் ஊரான ஃபீனிக்ஸை விட்டுவிட்டு, மழை ஓயாத ஃபோர்க்ஸில் இருக்கும் அப்பா வீட்டுக்குப் போகிறாள். காட்டேரி எல்லாம் அப்புறம்தான்.

2000-ல் வெளிவரத் தொடங்கிய மெக் கேபட்டின் 'தி மீடியேட்டர்' தொடரிலும் இதே கதைதான். அம்மாவுக்கு மறுமணம், நியூயார்க்கிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு மாற்றம், புதிதாக மூன்று சகோதரர்கள். நாயகி சூஸின் கண்ணுக்கு ஆவிகள் தெரியும். இறந்துபோன அப்பாவும் அவ்வப்போது வந்து பேசுகிறார். அப்பா இன்னும் முழுசா போகலை என்ற ஏக்கத்தை இதைவிட நேராகச் சொல்ல முடியுமா?

இவற்றில் ஆழமானது பேட்ரிக் நெஸ் எழுதிய 'எ மான்ஸ்டர் கால்ஸ்' (2011). 13 வயது கானரின் அம்மாவுக்குப் புற்றுநோய். அப்பா வேறு குடும்பத்தோடு அமெரிக்காவில். இரவு 12.07-க்கு, வீட்டுக்குப் பின்னால் நிற்கும் யூ மரம் பூதமாக எழுந்து வருகிறது. பையன் பயப்படவே இல்லை! பூதம் மூன்று கதைகள் சொல்லும். நான்காவதை அவன் சொல்ல வேண்டும். யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாத ஓர் உண்மை அது. அவனுக்கு நிஜமான பயம் அதில்தான். (என்னவென்று இங்கே சொல்லப்போவதில்லை, படிச்சுப் பாருங்க.)

இந்தக் கதைக்கான கரு ஷிவான் டவுட் என்ற எழுத்தாளருடையது. எழுதி முடிக்கும் முன்பே, 2007-ல் மார்பகப் புற்றுநோயால் அவர் இறந்துவிட்டார். 2016-ல் இது படமாகவும் வந்தது.

ஏன் பேய்? "அப்பா என்னாலதான் போனாரா?" என்று அம்மாவிடம் கேட்பது கஷ்டம். அம்மாவே உடைந்துபோய் இருப்பார். பூதத்திடம் கேட்கலாம், கத்தலாம், அது அழாது.

எல்லாமே நல்ல புத்தகம் என்றும் சொல்ல முடியாது. தூங்கும் பெண்ணை ராத்திரியில் திருட்டுத்தனமாக வந்து பார்ப்பதைக் காதலாகக் காட்டியதற்கு 'ட்விலைட்' மீது விமர்சனம் உண்டு.

புத்தகம் சிகிச்சையும் இல்லை. வீட்டில் பிரிவோ இழப்போ நடந்தபிறகு பிள்ளை தூங்காமல், சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் இருந்தால் மத்திய அரசின் 'டெலி மானஸ்' இலவச மனநல உதவி எண் 14416-ஐ அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.