தூத்துக்குடியில் அதிகாரப் பகிர்வு

தொலைவிலிருந்து ஆண்ட அரசுகளும் தூத்துக்குடிக் கடற்கரையின் உள்ளூர்த் தலைமைகளும் முத்துக்குளிப்பு, நகராட்சி, துறைமுகம் ஆகியவற்றின் உரிமைகளைப் பங்கிட்டுக்கொண்ட முறை.

தூத்துக்குடிக்கு அருகே பாண்டியரின் முத்துத்துறையாக இருந்த கொற்கையில் தண்டனைக் கைதிகளே முத்துக்குளித்தனர் என்கிறது கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளுஸ்.

1530களில் போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடிய, இக்கடற்கரையில் முத்துக்குளித்த பரதவர் கத்தோலிக்கம் தழுவினர். அவர்களின் ‘சாதித்தலைவன்’ பதவி பாண்டியர் காலத்தது என்பது மரபு. ஐரோப்பியர் ஆதரவில்தான் அது இத்தனை வலுப்பெற்றது என்பாரும் உளர்.

1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரர், பங்கீட்டைக் கணக்கில் எழுதினர். அந்தக் கணக்கின் அலகு ‘கல்’. முத்துக்குளிப்பவர் விரைந்து கடலடி சேரக் கயிற்றில் கட்டிய கல்லைப் பற்றி இறங்குவார். ஒரு கல்லுக்குப் பெரும்பாலும் இருவர், மாறி மாறி மூழ்குவர். கல்லுக்கு இவ்வளவு என்று டச்சுக் கம்பெனி தீர்வை வாங்கியது. அரசர்களுக்கும் ஊர்த்தலைவர்களுக்கும் தீர்வையில்லாக் கற்கள் உண்டு. மதுரை நாயக்கருக்கு 96½, இராமநாதபுரம் சேதுபதிக்கு 60, கடற்கரை ஊர்த்தலைவர்களான பட்டங்கட்டிகளுக்கு 185 என்கிறது பின்னாளில் எடுத்தாளப்பட்ட ஒரு பட்டியல். எல்லா முத்துக்குளிப்பிலும் இதே கணக்கு நின்றதாகக் கொள்வதற்கில்லை. ஆயினும் பட்டங்கட்டிகளின் பங்கு மதுரையின் பங்கைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு என்பதும், அரைக் கல்லைக்கூட எவரும் விட்டுக்கொடுக்கவில்லை என்பதும் கவனிக்கத்தக்கவை.

ஆங்கிலேயர் காலத்தின் பிற்பகுதியில் சிப்பியில் மூன்றில் இரு பங்கு அரசுக்கும் ஒரு பங்கு குளித்தவருக்கும் சேர்ந்தது. அரசின் பங்கு கரையிலேயே ஏலம் போனது.

1866இல் தூத்துக்குடிக்கு நகராட்சி அமைந்தது. ரிப்பன் பிரபுவின் 1882ஆம் ஆண்டுத் தீர்மானத்துக்குப் பின் உள்ளாட்சிகளில் தேர்தல் பரவியது. 1919ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்த இரட்டையாட்சியில் உள்ளாட்சித் துறை மாகாண அமைச்சர்களிடம் வந்தது. நகராட்சித் தலைவராகப் பலமுறை இருந்த குரூஸ் பர்னாந்து, வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரை 1927இல் ஊருக்குக் கொண்டுவந்தார். தூத்துக்குடியின் குடிநீர்ப் பஞ்சம் தணிந்தது அப்போதுதான்.

அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணைப்படி பெருந்துறைமுகங்கள் மத்திய அரசுக்கும், கரையோர மீன்வளமும் உள்ளாட்சியும் மாநிலத்துக்கும் உரியவை. கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. 1974இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாயிற்று.

1993இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் நகராட்சிகளுக்கென 18 பணிகளைப் பட்டியலிட்டது. எவற்றை ஒப்படைப்பது என்பதை மாநிலச் சட்டமே முடிவுசெய்கிறது. 2008இல் தூத்துக்குடி மாநகராட்சியானது. 2021ஆம் ஆண்டின் பெருந்துறைமுக ஆணையச் சட்டம் துறைமுக நிர்வாகக் குழுவில் மாநில அரசுக்கு ஓர் இடம் அளிக்கிறது. மாநகராட்சிக்கெனத் தனி இடம் இல்லை.