நாடி மறைந்தது, இதயம் நிற்கவில்லை

பருத்திப்பட்டில் வாழும் நம்மில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால், ஆவடிக்கோ பூவிருந்தவல்லிக்கோ விரைகிறோம். அங்கே கை, கால், மார்பில் மின்முனைகளைப் பொருத்தி இ.சி.ஜி. எடுக்கின்றனர். அத்தாளின் மேடுபள்ளங்களை வரைவது இதயமே. சோடியம், பொட்டாசியம் முதலிய உப்புக்களின் மின்னேற்றத் துகள்கள் இதயச் செல்களின் சவ்வைக் கடந்து செல்வதால் மின்சாரம் பிறக்கிறது. தோலை அடைகையில் அது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்களவே. இதனைத் துல்லியமாக அளக்கும் கருவியை ஹாலந்து நாட்டு ஐந்தோவன் 1901-இல் அமைத்தார். நோயாளி இரு கைகளையும் இடது காலையும் உப்புநீரில் அமிழ்த்தி அமர வேண்டியிருந்தது. 1924-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்த அளவை முறை நம் நாட்டில் விசித்திரமானதொரு வழக்குக்குச் சாட்சி சொல்ல நேர்ந்தது. யோகியர் சிலர் இதயத்தையே நிறுத்த வல்லவர் எனப்பட்டது. 1935-இல் இங்கு வந்த பிரான்சு நாட்டு மருத்துவர் தெரேஸ் பிராஸ், யோகி ஒருவரின் இதய மின்குறி ஏறத்தாழ மறைந்ததாகப் பதிவு செய்தார். 1957-இல் வெங்கர், பாக்சி, ஆனந்த் ஆகிய மூவரும் மீண்டும் ஆராய்ந்தனர். 1961-இல் வெளிவந்த முடிவு வேறு. யோகியர் மூச்சை அடக்கி, மார்பையும் வயிற்றையும் இறுக்கியபோது, இதயத்திற்குத் திரும்பும் இரத்தம் குறைந்தது; மணிக்கட்டில் நாடி மறைந்தது; இதய ஒலியும் கேட்கவில்லை. இ.சி.ஜி.யோ துடிப்பு தொடர்ந்ததைக் காட்டிற்று.

இதனை ஏமாற்று என்று நாம் கருதவில்லை. நாடி மறைந்தது மெய். தொட்டுப் பார்த்து நம்புவதில் தோமையாரின் வழிவந்தவர்கள் நாம். இங்கே தொட்டுப் பார்த்தது போதவில்லை, அவ்வளவே. மேலும், சோதிக்கப்பட்ட நால்வருள் ஒருவர், வேறொரு முறையால் தம் இதயத்தின் வேகத்தை உண்மையிலேயே குறைத்துக் காட்டினார்.